மறுபிறவி எடுக்கும் பழைய சிந்தசைசர்கள்: ஏன் இந்த மவுசு, எதற்கு இந்தக் காத்திருப்பு?

1970-களில் வந்த பழைய சிந்தசைசர் ஒன்றுக்குப் பழனி அடிவாரத்தில் வைத்து கச்சிதமாக ஸ்ருதி சேர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே காரில் ஏற்றி, சுமார் 65 கிலோமீட்டர் மலைப்பாதையில் வளைந்து வளைந்து கொடைக்கானலுக்குக் கொண்டுபோகிறீர்கள். ஏரிக்கரைக் குளிரில் ஆன் செய்து வாசித்தால் ஸ்ருதி விலகியிருக்கும். ஒரு குமிழைக்கூட யாரும் தொடவில்லை. மாறியது வெப்பநிலை மட்டும்தான்.

மலை ஏறினாலே மனசு மாறிவிடும் இந்தக் கருவிகளுக்குத்தான் இன்று உலகம் முழுக்க டிமாண்ட். உற்பத்தி நின்று 40 ஆண்டுகள் ஆன மாடல்களை நிறுவனங்கள் தூசி தட்டி மறுபடியும் தயாரிக்கின்றன. ஒரு நாள் அறிவிப்பு வரும், கூடவே ஒரு போட்டோவும் வரும். பிறகு மாதக்கணக்கில், சில நேரம் வருஷக்கணக்கில் பேச்சே இருக்காது. சென்னையிலும் கோவையிலும் படுக்கையறையையே ஸ்டூடியோவாக்கி பாட்டு செய்கிற இளைஞர்களும் அந்தக் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறார்கள்.

இது வெறும் பழசின் மேல் உள்ள ஏக்கமா? அல்லது உண்மையிலேயே ஏதோ ஒன்று திரும்பி வருகிறதா? அதைவிட முக்கியமாக, இதில் நமக்கு என்ன இருக்கிறது?

முதலில், சிந்தசைசர் என்றால் என்ன?

வீணையில் கம்பி அதிர்கிறது. புல்லாங்குழலில் காற்று அதிர்கிறது. சிந்தசைசரில் மின்சாரம் அதிர்கிறது. ஆஸிலேட்டர் என்ற மின்சுற்று நொடிக்கு 440 முறை ஏறி இறங்கினால், அது ஸ்பீக்கரில் ஒரு ஸ்வரமாகக் கேட்கும். அடுத்து வரும் ஃபில்டர், அந்த ஒலியில் உள்ள கூர்மையான பகுதிகளைச் சீவி எடுக்கும். ஒலி சட்டென்று தொடங்க வேண்டுமா, மெல்ல எழ வேண்டுமா, எப்போது அடங்க வேண்டும் என்பதை என்வலப் தீர்மானிக்கும். அடிப்படை இவ்வளவுதான்.

அமெரிக்காவின் ராபர்ட் மூக் 1964-இல் தன் முதல் சிந்தசைசரை மக்கள் முன் வைத்தார். அது அலமாரி சைஸ். 1970-இல் வந்த மினிமூக், அதை ஒருவர் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போகும் அளவுக்குச் சுருக்கியது. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு எளிய விதி உண்டு. மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால், ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே போகும். வோல்ட்டை நேரடியாக ஒலியாக மாற்றுவதால்தான் இவற்றை அனலாக் என்கிறார்கள்.

மலை ஏறினால் ஸ்ருதி ஏன் மாறுகிறது?

ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்ற கணக்கைச் செய்து முடிப்பது டிரான்சிஸ்டர். அதன் நடத்தை வெப்பநிலையைச் சார்ந்தது. ஒரு டிகிரி மாறினால் கணக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு சதவீதம் மாறும்.

பழனி நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். இந்த உயர வித்தியாசத்தில் வெப்பநிலை தோராயமாக 12 டிகிரி குறையும். அப்படியென்றால் கணக்கில் 4 சதவீதம் பிழை. திருத்தம் எதுவும் சேர்க்காத ஒரு சுற்றில், சா-வுக்கும் மேல்ஸ்தாயி சா-வுக்கும் இடையே உள்ள தூரமே நீண்டுவிடும். எவ்வளவு? 12 ஸ்வரஸ்தானங்களில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியில் பாதி அளவுக்கு. பாட்டு வாத்தியாரிடம் உதை வாங்க இது போதும்.

நிஜத்தில் நிறுவனங்கள் வெப்பத்தை ஈடுகட்டும் ரெசிஸ்டர்களைச் சேர்த்தன. அதனால் விலகல் இந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் முழுசாகப் போகவில்லை. 1978-இல் வந்த ப்ராஃபெட்-5 என்ற புகழ்பெற்ற சிந்தசைசரின் ஆரம்ப மாடல்கள் ஸ்ருதியில் நிற்கவில்லை என்ற புகார் பிரபலம். பிறகு டக் கர்ட்டிஸ் வடிவமைத்த சிப்கள் வந்தன. வெப்பத் திருத்தம் சிப்புக்குள்ளேயே இருந்ததால் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தச் சின்ன விலகலைத்தான் இன்றைய ரசிகர்கள் தேடி அலைகிறார்கள். தம்புராவில் ஒரே ஸ்வரத்துக்குக் கட்டிய இரண்டு கம்பிகள் மயிரிழை விலகி நின்றால் ஒலி அலை அலையாகச் சுழலும் அல்லவா? அனலாக் சிந்தசைசரில் இரண்டு ஆஸிலேட்டர்கள் லேசாக விலகும்போதும் அதேதான் நடக்கிறது. அன்றைய இன்ஜினியர்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒழிக்கப் பார்த்த குறைக்கு, இன்று பெயர் ‘வார்ம் சவுண்ட்’.

யாருக்கும் வேண்டாத கருவிக்கு எப்படி விலை ஏறியது?

1983-இல் யமஹா டிஎக்ஸ்7 வந்தது. முழுக்க டிஜிட்டல். ஸ்ருதி அசையாது, எடை குறைவு, மணி போன்ற துல்லியமான ஒலி. ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. அதே ஆண்டில்தான் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒரே கேபிளில் பேசவைக்கும் மிடி என்ற பொது மொழியும் வந்தது. அனலாக் கருவிகள் அடகுக்கடைக்குப் போயின.

அடகுக்கடையில் ஒரு திருப்பம் காத்திருந்தது. ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303, தனியாக கிட்டார் பயிற்சி செய்பவருக்கு பேஸ் வாசித்துத் துணை நிற்பதற்காக 1981-இல் வந்த பெட்டி. பேஸ் கிட்டார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை. 1984-இல் உற்பத்தி நின்றது. சிகாகோ இளைஞர்கள் அதை மலிவு விலைக்கு வாங்கி, குமிழ்களைத் திருகித் திருகி ஆசிட் ஹவுஸ் என்ற புது இசை வகையையே உருவாக்கினார்கள். அந்த வகையின் முதல் பதிவாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 1987-இல் வந்தது.

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1982-இல், மும்பையில் ஒருவர் அதே 303-ஐ வைத்து ஒரு ஆல்பம் வெளியிட்டிருந்தார். இந்தி சினிமா இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங். டிபி-303, டிஆர்-808 ரிதம் பெட்டி, ஜூபிடர்-8 சிந்தசைசர் மூன்றையும் கோத்து, டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை வாசித்தார். அன்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010-இல் மறுவெளியீடு வந்தபோதுதான் உலகம் வாயைப் பிளந்தது. எழுபது வயதைத் தாண்டிய பிறகு அவர் வெளிநாட்டு மேடைகளில் வாசித்தார். 2015-இல் காலமானார்.

இப்படிப்பட்ட கதைகள் பரவப் பரவ, பழைய பெட்டிகளின் விலை எகிறியது. டிஆர்-808 மொத்தமே சுமார் 12,000-தான் தயாரானது. கேட்பவர்கள் லட்சக்கணக்கில். விலை எங்கே போகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று வழிகளில் மறுபிறவி

முதல் வழி, அசல் தயாரிப்பாளரே மறுபடி செய்வது. கோர்க் நிறுவனம் 1978-இன் எம்எஸ்-20 மாடலை 2013-இல் சைஸ் குறைத்துக் கொண்டுவந்தது. மூக் நிறுவனம் மினிமூக்கை 2016-இல் ஒருமுறை, 2022-இல் மறுபடி ஒருமுறை வெளியிட்டது. ப்ராஃபெட்-5 கருவியை அதை உருவாக்கிய டேவ் ஸ்மித்தே 2020-இல் திரும்பக் கொண்டுவந்தார். அவருடைய பழைய நிறுவனமான சீக்வென்ஷியலின் பெயர் அதற்கு முன்பு யமஹா கையில் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கும்படி யமஹாவிடம் பேசியவர் போட்டி நிறுவனமான ரோலண்டின் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷி. 2015-இல் யமஹாவும் கொடுத்துவிட்டது. கார்ப்பரேட் உலகில் இப்படியும் நடக்கும்!

இரண்டாவது வழி, வேறு நிறுவனம் செய்யும் க்ளோன். இதில் பெரிய பெயர் பெரிங்கர். 2022-இல் மூக்கின் அசல் மறுவெளியீடு ஏறக்குறைய 5,000 டாலர், அதாவது 4 லட்சம் ரூபாய்க்கு மேல். பெரிங்கரின் மாடல் டி அறிமுகமானபோது சுமார் 300 டாலர். 303-இன் க்ளோனான டிடி-3 சுமார் 150 டாலர்.

மூன்றாவது வழி, மென்பொருள். பழைய சுற்றின் ஒவ்வொரு பாகமும் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணக்காக மாற்றி, கம்ப்யூட்டரிலோ போனிலோ ஓடவைப்பது. டெக்ஸ்ட் என்ற இலவச மென்பொருள் டிஎக்ஸ்7-ஐ அப்படியே லேப்டாப்பில் எழுப்புகிறது. விசிவி ராக்கின் இலவசப் பதிப்பில் அலமாரி சைஸ் சிந்தசைசரைத் திரையிலேயே கட்டலாம். 2020 லாக்டவுனில் மூக் நிறுவனம் தன் மினிமூக் ஐபோன் ஆப்பைச் சில நாள் இலவசமாகவே கொடுத்தது.

சரி, ஏன் இவ்வளவு லேட்?

பெரிங்கர் நிறுவனம், 1980-களின் புகழ்பெற்ற ஓபர்ஹைம் ஓபி-எக்ஸ்ஏ கருவியைத் தழுவி யுபி-எக்ஸ்ஏ செய்யப்போவதாகச் சொல்லி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகுதான், 2023 இறுதியில் அது கடைக்கு வந்தது. ரசிகர்களைக் கிண்டல் செய்வதற்காக யாரும் தாமதிப்பதில்லை. காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம் பாகங்கள். பழைய சுற்றில் இருந்த சிப்களும் டிரான்சிஸ்டர்களும் இப்போது தயாராவதில்லை. 808-இன் ஒலிக்குக் காரணமான டிரான்சிஸ்டர் இதற்கு நல்ல உதாரணம். தரச்சோதனையில் தோற்றுப்போன பீஸ்களை வேண்டுமென்றே வாங்கி, அந்தக் குறையிலிருந்துதான் அதன் சிறப்பான இரைச்சலை ரோலண்ட் எடுத்தது. டிரான்சிஸ்டர் தயாரிப்பு மேம்பட்டதும் ‘குறையுள்ள’ பீஸ் கிடைக்கவில்லை. 808-இன் ஆயுள் முடிந்தது. தரம் உயர்ந்ததால் செத்துப்போன கருவி அது.

பழைய சிப்கள் திரும்ப வந்தால் மறுபிறவிகள் வரிசையாக வரும். 2016-இல் கர்ட்டிஸ் நிறுவனம் சிஇஎம்3340 என்ற ஆஸிலேட்டர் சிப்பை மறுபடி வெளியிட்டது. மற்ற சில நிறுவனங்களும் அதே மாதிரி சிப்களைச் செய்கின்றன. கடந்த பத்து ஆண்டுகளில் இவ்வளவு மறுவெளியீடுகள் வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது, எண்ணிக்கை. போன் கம்பெனி கோடிக்கணக்கில் சிப் வாங்கும். சிந்தசைசர் கம்பெனி சில ஆயிரம் வாங்கும். கொரோனாவுக்குப் பிறகு உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு வந்தபோது, வரிசையின் கடைசியில் நின்றவர்களில் இவர்களும் உண்டு.

மூன்றாவது, அறிவிப்பே வியாபாரமாகிவிட்டது. அரைகுறை மாதிரியைக் காட்டினால் போதும், ரசிகர்கள் பேசுவார்கள், போட்டி நிறுவனத்தின் பொருளை வாங்குவதைத் தள்ளிப்போடுவார்கள். நிறுவனத்துக்கு இலவச மார்க்கெட் ஆராய்ச்சி. காத்திருப்பவருக்கு? அந்த ஒன்றிரண்டு வருஷத்தில் கையில் இருக்கும் பழைய கீபோர்டில் செய்திருக்கக்கூடிய பத்துப் பாட்டு போயிற்று.

இந்தியாவில் இருப்பவருக்கு இன்னொரு கட்டமும் உண்டு. டாலர் விலையோடு கப்பல் கட்டணம், சுங்க வரி, ஜிஎஸ்டி எல்லாம் சேர வேண்டும். வந்த பெட்டி பழுதானால் சர்வீஸுக்கு எங்கே போவது என்ற கேள்வியும் கூடவே வரும்.

காப்பி அடிப்பது நியாயமா?

சட்டப்படி பார்த்தால், காப்புரிமைக்கு ஆயுள் உண்டு. மூக்கின் புகழ்பெற்ற ஃபில்டருக்கு 1969-இல் காப்புரிமை கிடைத்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 17 ஆண்டுகள். அது எப்போதோ முடிந்துவிட்டது. பெயரும் லோகோவும் வேறு விஷயம், அவை வணிகச் சின்னங்கள்.

சட்டம் சரி, நியாயம்? அசல் நிறுவனங்கள் ஆராய்ச்சி செய்து, உள்ளூரில் ஆள் வைத்து, சம்பளம் கொடுத்துச் செய்கின்றன. க்ளோன் வந்தால் அவர்கள் பிழைப்பு என்ன ஆகும் என்பது ஒரு தரப்பு. மூக் நிறுவனம் 2023-இல் கைமாறியதும், அதன் ஆஷ்வில் தொழிற்சாலையில் பலர் வேலை இழந்ததும் இந்தக் கவலைக்குப் பின்னால் இருக்கின்றன. 4 லட்சம் ரூபாய் இல்லாதவர் அந்த ஒலியைத் தொடவே கூடாதா என்பது மறுதரப்பு.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அசலோ க்ளோனோ, இரண்டும் சாத்தியமானது ஒரே காரணத்தால்தான். அந்தக் கருவிகளின் சுற்று வரைபடங்கள், சர்வீஸ் கையேடுகள், இன்னும் ஓடும் சில பழைய பீஸ்கள், அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகள் எல்லாம் அங்கே மிச்சம் இருக்கின்றன. காகிதத்தில் இருப்பதைத்தான் மறுபடி பிறக்கவைக்க முடியும்.

நம்ம ஊரில் எது மிச்சம்?

இங்கேதான் விஷயம் நம் பக்கம் திரும்புகிறது. மின்னணு இசையில் இந்தியா பின்னால் வந்து சேர்ந்த நாடு அல்ல. 1954-இல் வந்த ‘நாகின்’ இந்திப் படத்தின் மகுடி ஒலி, கிளாவியோலின் என்ற மின்னணுக் கீபோர்டில் கல்யாண்ஜி வாசித்தது. 1969-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு மூக் சிந்தசைசரே வந்துவிட்டது. அங்கே 1972 வரை பதிவான டேப்கள் பல பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்து, தேடி எடுக்கப்பட்டு, 2023-இல் ஆல்பமாக வெளிவந்தன. யாரோ ஒருவர் அலமாரியைத் திறந்து பார்த்ததால் ஒரு வரலாறு பிழைத்தது.

கோடம்பாக்கத்துக்கு இதைவிட நீண்ட கதை உண்டு. இசையமைப்பாளர் ஆர்.கே.சேகர் 1976-இல் மறைந்தபோது, அவருடைய இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் பிழைத்தது. அவருடைய மகன்தான் ஏ.ஆர்.ரஹ்மான். 1986-இல் வந்த ‘புன்னகை மன்னன்’, கம்ப்யூட்டர் உதவியோடு இசை பதிவான தொடக்ககாலத் தமிழ்ப் படங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. அன்று எந்தப் பாட்டில் எந்தக் கீபோர்டு, எந்த ரிதம் பெட்டி, அதில் எந்த செட்டிங்? கேட்டால் பதில் சிலருடைய ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. அவர்களுக்கும் வயதாகிறது.

சினிமாவை விடுங்கள். தமிழ் வீடுகளில் நுழைந்த முதல் சிந்தசைசர் எது தெரியுமா? எலக்ட்ரானிக் ஸ்ருதிப் பெட்டி. ஆஸிலேட்டர் வைத்து ஸ்வரம் எழுப்பும் பெட்டிதானே அதுவும்? பழனி போன்ற கோயில் ஊர்களில் நாகஸ்வரக் கச்சேரிக்குப் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து, மூச்சு விடாமல் ஒத்து ஊதுவார். பல இடங்களில் அந்த ஒத்து வாசிப்பவரின் இடத்தை ஸ்ருதிப் பெட்டி எடுத்துக்கொண்டது. இப்போது அந்தப் பெட்டியின் இடத்தை போன் ஆப் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒத்து வாசித்தவர் போனபோதும் யாரும் குறித்துவைக்கவில்லை, முதல் தலைமுறை ஸ்ருதிப் பெட்டிகள் குப்பைக்குப் போகும்போதும் யாரும் குறித்துவைக்கவில்லை.

பழைய ஒலிக்கு இங்கே ஆள் இல்லை என்று யாராவது சொன்னால், கொடைக்கானலைக் காட்டலாம். 1991-இல் வந்த ‘குணா’ படத்தின் ‘கண்மணி அன்போடு காதலன்’ பாட்டு, 2024-இல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படத்தில் ஒலித்தபோது தியேட்டர்கள் அதிர்ந்தன. அந்தப் பாட்டுக்கு முன்பு பிறக்காதவர்கள்தான் அதிகம் விசில் அடித்தார்கள். குணா குகையைப் பார்க்கக் கூட்டம் மலை ஏறியது. இளையராஜா தரப்பிலிருந்து தயாரிப்பாளர்களுக்கு நோட்டீஸும் போனது. பழைய ஒலிக்கு மதிப்பு இருக்கிறது, அதற்காகச் சண்டை போடும் அளவுக்கு இருக்கிறது. அந்தப் பாட்டு திரும்பி வர முடிந்ததற்குக் காரணம், பதிவு பத்திரமாக இருந்ததுதான்.

பாட்டின் பதிவுக்காவது ஒரு கம்பெனி உரிமை கொண்டாடும். அதை உருவாக்கிய கருவிக்கு? பிரசாத் ஸ்டூடியோவில் 40 ஆண்டுகளுக்கு மேல் இயங்கிய இளையராஜா அங்கிருந்து வெளியேற வேண்டிவந்தபோது, அங்கே இருந்த இசைக்குறிப்புகளையும் கருவிகளையும் எடுத்துச்செல்லும் அனுமதிக்காக 2020-இல் விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. யார் பக்கம் நியாயம் என்பது வேறு விஷயம். நாட்டின் மிகப் பெரிய இசையமைப்பாளர் ஒருவரின் கருவிகளுக்கே அந்த நிலை என்றால், பேர் தெரியாத ஒரு கீபோர்டு கலைஞரின் பெட்டி எந்தப் பழைய இரும்புக் கடையில் இருக்கும்?

என்ன செய்யலாம்?

இதற்குக் கோடிகள் தேவையில்லை. கணக்கெடுப்பில் தொடங்கலாம். தமிழ்நாடு இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகமும், எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியும், திரையிசைக் கலைஞர்களின் சங்கமும் சேர்ந்து, ஸ்டூடியோக்களிலும் கலைஞர்களின் வீடுகளிலும் மிச்சமிருக்கும் மின்னணுக் கருவிகளைப் பட்டியலிடலாம். ஓடும் கருவி ஒவ்வொன்றின் ஒலியையும் ஸ்வரம் ஸ்வரமாகப் பதிவுசெய்யலாம். அதை வாசித்தவரையும், ரிச்சி தெருவில் பழுதுபார்த்தவரையும் உட்காரவைத்துப் பேசவைக்கலாம். இன்ஜினியரிங் மாணவருக்கு ஒரு பழைய ஸ்ருதிப் பெட்டியின் சுற்றை வரைந்து எடுப்பது நல்ல ப்ராஜெக்ட். அந்த வரைபடத்தை எல்லோருக்கும் திறந்துவைத்தால் இன்னும் நல்லது.

திறந்துவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரான்ஸின் மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சாட்சி. தன் சிந்தசைசர் வடிவமைப்புகளைப் பெரும்பாலும் பொதுவில் வைத்த சின்ன நிறுவனம் அது. 2022-இல் கடையை மூடியது. ஆனால் அதன் கருவிகளை உலகம் முழுக்க மற்றவர்கள் இன்றும் செய்துகொண்டிருக்கிறார்கள். யாரும் மறுவெளியீட்டுக்காகக் காத்திருக்கவில்லை.

வாங்க நினைப்பவருக்கும் ஒரு வார்த்தை. அறிவிப்பை நம்பிக் காசு கட்டாதீர்கள், கடைக்கு வந்த பொருளுக்குக் கட்டுங்கள். வாங்குவதற்கு முன் இலவச மென்பொருளில் ஆறு மாதம் கையை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அந்த ஒலி வேண்டும் என்று தோன்றினால், உள்ளூரில் சர்வீஸ் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். சரண்ஜித் சிங் அந்த மூன்று பெட்டிகளும் புகழ்பெறும்வரை காத்திருக்கவில்லை. கையில் கிடைத்ததில் தனக்குத் தெரிந்த ராகத்தை வாசித்தார்.

மினிமூக் இன்னொரு முறை நின்றுபோனாலும் மறுபடி வரும். ரோலண்டும் கோர்க்கும் பெரிங்கரும் அடுத்த அறிவிப்பைத் தயாராக வைத்திருப்பார்கள். கோடம்பாக்கத்தில் ஒரு மாடி அறையில் துணி போட்டு மூடிக் கிடக்கும் பெட்டிக்கு அப்படி அறிவிப்பு கொடுக்க எந்த நிறுவனமும் இல்லை. அதை வாசித்தவர் இருக்கும்போதே போய்க் கேட்டால்தான் உண்டு.